வெந்நீர், சோப்பு, கம்பளி... தொப்பி தயார்!

கொடைக்கானலுக்கோ ஊட்டிக்கோ போனபோது ஆசை ஆசையாக வாங்கி வந்த சுத்தமான கம்பளி ஸ்வெட்டர். ஊர் திரும்பியதும் மற்றத் துணிகளோடு சேர்த்து வெந்நீரில் ஊறப் போட்டு, சோப்புத் தேய்த்து, கல்லில் நன்றாகக் கும்மி எடுத்துக் காயப் போட்டால்... தாத்தாவுக்கு வாங்கியது பேரனுக்குக்கூடப் பற்றவில்லை! பலகை மாதிரித் தடித்து, இறுகி, எப்படி இழுத்தாலும் பழையபடி வர மாட்டேன் என்கிறது. “அநியாயமாப் போச்சே!” என்று அதை மூலையில் எறிந்த இல்லத்தரசிகள் எத்தனையோ பேர்.

எறியாதீர்கள், வாசகியரே! அந்த ஸ்வெட்டருக்கு நேர்ந்ததற்கு ஒரு பெயர் உண்டு. அது ‘ஃபெல்ட்’ ஆகிவிட்டது. ஆயிரக்கணக்கான வருடங்களாக உலகத்தில் பலரும் வேண்டுமென்றே, பாடுபட்டுச் செய்கிற காரியம் இது. தறி வேண்டாம், ஊசி வேண்டாம், நூல் நூற்கவும் வேண்டாம். கம்பளி முடி, வெந்நீர், சோப்பு, இரண்டு கைகள். இவை இருந்தால் தைக்காத, நெய்யாத ஓர் அழகான தொப்பி பிறந்துவிடும்.

“எங்க ஊர் வெயிலுக்குக் கம்பளித் தொப்பியா?” என்று ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துச் சகோதரிகள் சிரிப்பது கேட்கிறது. சிரியுங்கள், தப்பில்லை. அந்தத் தொப்பி யாருடைய தலைக்கு என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் இந்தக் கைவேலையின் கதையைக் கொஞ்சம் கேளுங்கள். தீப்பெட்டியும் பட்டாசும் செய்கிற நம் வட்டாரத்துப் பெண்களுக்கு அதில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இருக்கிறது.

சிக்கு விழுந்தால் ஃபெல்ட்!

எண்ணெய் வைக்காமல், சீவாமல் விட்ட தலைமுடி என்ன ஆகும்? சிக்கு விழும். இன்னும் விட்டால் சடை பிடித்துவிடும். பிறகு எந்தச் சீப்பும் இறங்காது. ஃபெல்ட்டின் ரகசியமும் ஏறக்குறைய அதுதான்.

ஆட்டின் கம்பளி இழை ஒன்றைப் பூதக்கண்ணாடிக்கும் மேலான நுண்நோக்கியில் வைத்துப் பார்த்தால், மீனின் செதில் மாதிரி, ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி, ஒன்றன்மேல் ஒன்றாகச் செதில்கள் அடுக்கியிருக்கும். சூடும் ஈரமும் பட்டால் இழை மெத்தென்று ஆகிச் செதில்கள் தூக்கிக்கொள்ளும். சோப்பு வழுவழுப்பைக் கொடுத்து இழைகளை நகரவிடும. அந்த நேரத்தில் கையால் தேய்த்தால் ஒவ்வோர் இழையும் பக்கத்து இழைக்குள் புகுந்து மாட்டிக்கொள்ளும். செதில் ஒரு பக்கமாகவே சாய்ந்திருப்பதால் முன்னே போகும், பின்னே வராது. தேய்க்கத் தேய்க்க இறுகும், சுருங்கும். ஒருமுறை இறுகியது மறுபடி பிரியாது.

பருத்திப் பஞ்சில் இந்தச் செதில் கிடையாது. அதனால்தான் நம் கரிசல் காட்டுப் பருத்தியை எவ்வளவு வெந்நீரில் போட்டுத் தேய்த்தாலும் அது ஃபெல்ட் ஆகாது.

நெசவு தெரிவதற்கு முன்பே மனிதர்கள் இதைக் கண்டுபிடித்திருக்கலாம் என்று சொல்வார்கள். சைபீரியாவின் அல்தாய் மலையில், பசிரிக் என்னும் இடத்தில், பனியில் உறைந்த கல்லறைகளுக்குள்ளே சுமார் 2,300 வருடத்துக்கு முந்தைய ஃபெல்ட் விரிப்புகள் நிறம்கூட மங்காமல் கிடைத்தன. மத்திய ஆசியாவின் மேய்ச்சல்காரர்கள் வீட்டுக் கூரையையே ஃபெல்ட்டால் போர்த்துகிறார்கள். கிர்கிஸ்தானத்து ஆண்கள் அணியும் ‘கல்பக்’ என்ற உயரமான வெள்ளைத் தொப்பியைச் செய்யும் கலையை 2019-ல் யுனெஸ்கோ தன் கலாசாரப் பட்டியலில் சேர்த்தது. நம் நாட்டிலேயே காஷ்மீரிலும், ராஜஸ்தானத்தின் டோங்க் நகரிலும் ‘நம்தா’ என்ற பெயரில் ஃபெல்ட் விரிப்புகள் செய்கிறார்கள். காஷ்மீர நம்தாவின்மேல் பூவும் கொடியுமாகப் போடும் தையல் வேலைப்பாட்டைப் பார்த்தால் கண்ணை எடுக்க மனம் வராது.

தொப்பி செய்த கைகள் நடுங்கிய கதை

இத்தனை அழகான கைத்தொழிலில் ஒரு காலத்தில் விஷம் புகுந்தது.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கனவான்கள் அணிந்த பளபளப்பான தொப்பிகளுக்கு ஆட்டுக் கம்பளி போதவில்லை. நீர்நாய் போன்ற ‘பீவர்’ என்ற பிராணியின் ரோமமும், முயல் ரோமமும் தேவைப்பட்டன. முயல் ரோமம் சாதாரணமாக லேசில் இறுகாது. அதை இறுக வைக்க, நைட்ரிக் அமிலத்தில் பாதரசத்தைக் கரைத்து, தோலின்மேல் உள்ள ரோமத்தில் தடவினார்கள். ரோமத்தின் நுனி காரட் நிறத்துக்கு மாறும். அதனால் அந்த வேலைக்கே ‘காரட் ஏற்றுவது’ என்று பெயர். பிறகு அதைக் காய வைத்து, நீராவி காட்டி, தேய்த்து, தொப்பியாக்குவார்கள். சூட்டில் பாதரசம் ஆவியாகி, ஜன்னல் அடைத்த பட்டறைக்குள் சுழலும். வேலை செய்கிறவர்கள் நாள் முழுவதும் அதைத்தான் சுவாசித்தார்கள்.

முதலில் விரல்கள் நடுங்கும். கையெழுத்துக் கோணும். பல் ஆடும், வாயில் எச்சில் ஊறும், தூக்கம் போகும். பிறகு மனமும் கெடும். யாரைப் பார்த்தாலும் கூச்சம், காரணமில்லாத கோபம், பயம். ஆங்கிலத்தில் ‘தொப்பிக்காரனைப் போலப் பைத்தியம்’ என்று ஒரு வழக்கே உண்டு. அமெரிக்காவில் ‘தொப்பி நகரம்’ என்று பெயரெடுத்த டான்பரியில் இந்த நோய்க்கு ‘டான்பரி நடுக்கம்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நகரமே தொப்பியால் சாப்பிட்டது. ஆகவே, “அது குடிகாரன் நடுக்கம்” என்று சொல்லிச் சமாளித்தவர்களும் இருந்தார்கள். கடைசியில் 1941-ல்தான் அமெரிக்கத் தொப்பித் தொழிலில் பாதரசம் நிறுத்தப்பட்டது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். தொப்பியை வாங்கி அணிந்த கனவானின் கை நடுங்கவில்லை. செய்தவரின் கைதான் நடுங்கியது.

நம் தீப்பெட்டிக்கும் இதே மாதிரி ஒரு கதை

அதே காலத்தில் தீக்குச்சியின் தலையில் வெள்ளைப் பாஸ்பரஸ் வைத்தார்கள். எங்கே உரசினாலும் பற்றிக்கொள்ளும். வாங்குகிறவருக்கு வசதி. அந்தப் பாஸ்பரஸ் புகையில் வேலை செய்த பெண்களுக்கோ முதலில் பல்வலி வரும். பிறகு தாடை வீங்கும். பிறகு தாடை எலும்பே அழுகும். 1888-ல் லண்டனில் ஒரு பெரிய தீப்பெட்டித் தொழிற்சாலையில் சுமார் 1,400 பெண்களும் சிறுமிகளும் வேலையை நிறுத்திவிட்டுத் தெருவுக்கு வந்தார்கள். ஜெயித்தார்கள். ஆனாலும் வெள்ளைப் பாஸ்பரஸ் ஒழிய இன்னும் சில வருடம் ஆயிற்று. 1906-ல் பெர்ன் நகரத்தில் நாடுகள் கூடி உடன்படிக்கை செய்தன. இந்தியாவில் 1913-ல் சட்டம் போட்டு வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடை செய்தார்கள்.

சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று, 1923-ல் ஊர் திரும்பித் தொடங்கினார்கள். அப்போது அந்தச் சட்டம் வந்து பத்து வருடம் ஆகியிருந்தது. அதனால் தாடையை அரிக்கிற அந்த நோய் இல்லாமலே நம் வட்டாரத்தில் இந்தத் தொழில் வளர்ந்தது. எங்கோ, யாரோ பெண்கள் பட்ட பாட்டின் பலன் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

ஆனால் நெருப்பு நம்மை விடவில்லை. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி மூன்றுக்கும் இடையில் வானம் பார்த்த பூமியாகக் கிடக்கும் ஏழாயிரம்பண்ணைச் சுற்றுவட்டாரத்தில், மழை பொய்த்த வருடங்களில் அடுப்பெரிய வைத்தது தீப்பெட்டியும் பட்டாசும்தான். அதை மறக்க முடியாது. அதே சமயம் 2021 பிப்ரவரி 12-ம் தேதி அச்சன்குளத்துப் பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தில் 20-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்ததையும் யாரும் மறக்கவில்லை. உரிமம் பெற்ற ஆலையிலேயே இப்படி என்றால், திருட்டுத்தனமாக வீட்டுக்குள் வெடி சுற்றுவது எவ்வளவு ஆபத்து! அது சட்டப்படி குற்றம். குற்றம் என்பதைவிட, அதே கூரையின் கீழ்தான் நம் பிள்ளை தூங்குகிறது.

“வீட்டிலிருந்தே ஏதாவது வேலை பார்க்கலாமே” என்று எந்தக் கைவேலை வந்தாலும், அதை ஒப்புக்கொள்வதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்.

இதில் என்ன பொடி, என்ன புகை, என்ன வாடை?

நெருப்புப் பட்டால் என்ன ஆகும்?

கைக்குழந்தை இருக்கிற இடத்தில் இதைச் செய்யலாமா?

ஆட்டுக் கம்பளியில் செய்கிற ஃபெல்ட் இந்த மூன்றுக்கும் நல்ல பதில் சொல்கிறது. ஆட்டுக் கம்பளி தானே இறுகும், பாதரசம் தேவையே இல்லை. கம்பளியில் தீ சுலபத்தில் பற்றாது, பற்றினாலும் நெருப்பை விலக்கியதும் பெரும்பாலும் தானே அணையும். வேலை முழுவதும் தண்ணீரில். ஜாக்கிரதை வேண்டியது வெந்நீர் அண்டாவிடம் மட்டும்தான். குழந்தைகளை அதற்குப் பக்கத்தில் விடாதீர்கள்.

இதைச் செய்து மாதச் சம்பளம் எடுத்துவிடலாம் என்று ஆசை காட்ட மாட்டேன். கம்பளியை விலை கொடுத்து வாங்க வேண்டும். ஒரு தொப்பிக்கு முழுசாக ஒரு பகல் போய்விடும். கற்றுக்கொண்டு, கை பழகி, நன்றாக வந்த பிறகு தெரிந்தவர்கள் விலை கொடுத்துக் கேட்டால் கொடுங்கள். அதுவரை இது வீட்டுக்கும் சொந்தக்காரர்களுக்கும் செய்து கொடுக்கிற ஒரு நல்ல கைவேலை.

கம்பளிக்கு எங்கே போவது?

“நம்ம ஊர்லதான் ஆடு நிறையக் கிடக்கே மதினி!” என்று கேட்பீர்கள். கிடக்கிறது. ஆனால் நம் பக்கத்து வேம்பூர் ஆடு, அதாவது வெள்ளை உடம்பில் சிவப்புப் பொட்டுப் பொட்டாக இருக்கும் ‘பொட்டு ஆடு’, ரோம ஆடு வகை. அதன் உடம்பில் இருப்பது குட்டையான, விறைப்பான முடி. கம்பளி கிடையாது. அது ஃபெல்ட் ஆகாது. இந்த வெயிலில் கம்பளியைச் சுமக்காமல் இருப்பதுதான் அந்த ஆட்டுக்கும் சௌகரியம்!

தமிழ்நாட்டில் திருச்சி கறுப்பு, கோயமுத்தூர்க் குறும்பை ஆகிய ஆடுகளிடம் முரட்டுக் கம்பளி கிடைக்கும். கிராமத்துப் பெரியவர்கள் தோளில் போட்டுக்கொண்ட கறுப்புக் கம்பளிகள் இப்படிப்பட்ட முரட்டுக் கம்பளியில் நெய்தவையே. மிருதுவான கம்பளிக்கு நீலகிரி ஆடு. உதகைக்கு அருகே சாண்டிநல்லாவில் இந்த இனத்துக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வடக்கே பிகானீரும் லூதியானாவும் கம்பளி வியாபாரத்துக்குப் பேர்போனவை. நூலாக முறுக்காமல், சீவி, பஞ்சுத்திரி மாதிரி நீளமாக வைத்திருக்கும் கம்பளியாகக் கேட்டு வாங்குங்கள். ‘மெரினோ’ என்றால் மிக மிருது.

ஒரு முக்கியமான விஷயம். நம் ஊர்க் கடைகளில் ‘உல்லன் நூல்’ என்று கலர் கலராகத் தொங்குவதில் பெரும்பாலும் அக்ரிலிக். பார்க்கக் கம்பளி மாதிரி இருந்தாலும் அது ஃபெல்ட் ஆகவே ஆகாது. எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரே ஓர் இழையை இடுக்கியில் பிடித்துச் சமையலறை அடுப்பில் காட்டுங்கள். தலைமுடி கருகும் நாற்றம் வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் கம்பளி. உருகி, கறுப்பு மணியாகக் கெட்டித்தால் செயற்கை இழை. (வீட்டில் மருந்தோ, பட்டாசுச் சாமானோ இருந்தால் இந்தச் சோதனையே வேண்டாம்.)

முதலில் ஒரு சுலப வழி

கம்பளி வாங்கிச் செலவு செய்யுமுன் கையைப் பழக்க வேண்டுமா? வீட்டில் பழைய, பூச்சி அரித்த சுத்தக் கம்பளி ஸ்வெட்டர் இருந்தால் எடுங்கள். வெந்நீரில் சோப்புப் போட்டு, அது நன்றாகச் சுருங்கி இறுகும் வரை கும்முங்கள். காய்ந்ததும் கத்தரித்தால் பிசிறு வராது. ஓரம் மடித்துத் தைக்க வேண்டியதே இல்லை. தலை அளவுக்கு, மேற்புறம் வளைவாக இரண்டு துண்டு வெட்டி இணைத்துத் தைத்தால் ஒரு குல்லா. கைப்பகுதியில் சின்னக் குழந்தைக்கு இன்னொரு குல்லா!

இனி அசல் தொப்பி

வேண்டியவை: சீவிய கம்பளி 60 முதல் 70 கிராம், குளியல் சோப்புச் சீவல் ஒரு மேஜைக்கரண்டி, ஒரு லிட்டர் வெந்நீர் (கை பொறுக்கும் சூடு), பழைய கொசுவலைத் துண்டு, ஒரு சிறிய கோரைப்பாய், தடித்த பிளாஸ்டிக் தாள், ஒரு பழைய துண்டு.

1. நெற்றிக்கு மேலாக, காதுகளுக்குச் சற்று மேலே டேப்பைச் சுற்றித் தலையை அளந்துகொள்ளுங்கள். 56 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதில் பாதி 28. வேலை முடியும்போது கம்பளி சுமார் பத்தில் மூன்று பங்கு சுருங்கிவிடும். ஆகவே பிளாஸ்டிக் தாளை 40 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரத்துக்கு, பானையைக் கவிழ்த்தது போல் மேலே வளைவாகவும் கீழே நேராகவும் வெட்டுங்கள். இதுதான் உங்கள் ‘அச்சு’.

2. கம்பளியை நான்கு சமபங்காகப் பிரியுங்கள். துண்டை விரித்து, அதன்மேல் பாயை விரித்து, அச்சை வைத்து, முதல் பங்கிலிருந்து மெல்லிய இழைகளாக உருவி எடுத்துக் குறுக்குவாட்டில் பரப்புங்கள். கத்தரிக்கோலால் வெட்டாமல் உருவித்தான் எடுக்க வேண்டும். வளைந்த ஓரங்களில் இரண்டு செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். கீழ் ஓரத்தில் மட்டும் நீட்ட வேண்டாம், அதுதான் தொப்பியின் வாய்.

3. இரண்டாவது பங்கை அதன்மேல் நெடுக்குவாட்டில் பரப்புங்கள். எங்கும் ஓட்டை தெரியக் கூடாது. தூக்கணாங்குருவி கூடு பின்னுவது போல, குறுக்கும் நெடுக்கும் இருந்தால்தான் பிடிப்பு.

4. கொசுவலையை மேலே போட்டுச் சோப்பு வெந்நீரைத் தெளித்து, உள்ளங்கையால் மெல்ல அழுத்துங்கள். காற்றெல்லாம் வெளியேறிக் கம்பளி படிந்துவிடும். வலையை எடுத்து, அச்சோடு சேர்த்து அப்படியே திருப்பிப் போட்டு, நீட்டிக்கொண்டிருக்கும் ஓரத்தை உள்ளே மடியுங்கள். இந்தப் பக்கத்திலும் மற்ற இரண்டு பங்கையும் அதே போல் பரப்பி, நனைத்து, திருப்பி, ஓரம் மடியுங்கள்.

5. வலையைப் போட்டுத் தேய்க்கத் தொடங்குங்கள். முதல் பத்து நிமிடம் குழந்தையின் முதுகில் எண்ணெய் தேய்ப்பது போல மெல்ல. பிறகு கொஞ்சம் அழுத்தி. இரண்டு பக்கமும் தேய்க்க வேண்டும். தண்ணீர் ஆறினால் சூடாக மாற்றுங்கள்.

6. இரண்டு விரலால் கிள்ளித் தூக்கிப் பாருங்கள். தனி இழையாகக் கையோடு வந்தால் இன்னும் தேய்க்க வேண்டும். துணி மாதிரி மொத்தமாக எழும்பினால் சரி.

7. அச்சோடு பாயில் வைத்துச் சுருட்டி, சப்பாத்திக் கட்டை உருட்டுவது போல் ஐம்பது தடவை உருட்டுங்கள். பிரித்து, கால் திருப்புத் திருப்பி வைத்து மறுபடி ஐம்பது. இப்படி நான்கு திசையிலும், பிறகு மறுபக்கத்திலும். எந்தத் திசையில் உருட்டுகிறோமோ அந்தத் திசையில்தான் சுருங்கும். அதனால் எல்லாத் திசையும் சமமாக வர வேண்டும்.

8. அச்சு உள்ளே மடங்க ஆரம்பித்ததும் அதை வெளியே உருவிவிடுங்கள். பக்கவாட்டு ஓரம் வரப்பு மாதிரித் தடித்திருந்தால், அதை நடுவுக்குத் திருப்பி வைத்துத் தேய்த்துச் சமமாக்குங்கள். இனிப் பயமில்லை. நன்றாகச் சூடான நீரில் முக்கி, சப்பாத்தி மாவு பிசைவது போல் பிசையுங்கள், தொட்டியில் பட்டுப்பட்டென்று அடியுங்கள். அவ்வப்போது தலையில் வைத்துப் பாருங்கள். அளவு வந்ததும் நிறுத்திவிடுங்கள்.

9. சோப்பு முழுவதும் போகும் வரை அலசுங்கள். கடைசி அலசலில் ஒரு ஸ்பூன் வினிகர் சேர்த்தால் சோப்புக் காரம் முறிந்து கம்பளி மிருதுவாகும். தலை அளவுள்ள ஒரு சட்டியைக் கவிழ்த்து அதன்மேல் மாட்டி, கையால் நீவி, வேண்டிய வடிவம் கொடுத்து, நிழலில் காயப் போடுங்கள். ஓரத்தை மேலே மடித்துவிட்டால் ஒரு தினுசு, நேராக விட்டால் இன்னொரு தினுசு!

தனியாக உட்கார்ந்து நானூறு தடவை உருட்டினால் தோள் வலிக்கும். நாலு பேர் சேர்ந்து செய்தால் தெரியாது. வெயில் காலத்தில் வத்தல் வடகம் போடுகிறபோது ஒருத்தி மாவு கிண்ட, ஒருத்தி பிழிய, ஒருத்தி காக்கா விரட்ட, பேச்சும் சிரிப்புமாக வேலை முடியும் அல்லவா? அதே மாதிரிதான். “இந்தா மதினி, என் கை ஓஞ்சு போச்சு, நீங்க கொஞ்சம் உருட்டுங்க” என்று கை மாற்றிக்கொள்ளலாம். முதலில் கற்றுக்கொண்டவர் அடுத்தவருக்குச் சொல்லிக் கொடுக்கலாம்.

நிறம் வேண்டுமா?

முடிந்த தொப்பிக்கு வீட்டிலேயே சாயம் ஏற்றலாம். பத்துக் கிராம் படிகாரத்தை வெதுவெதுப்பான நீரில் கரைத்து, தொப்பியை அதில் ஒரு மணி நேரம் ஊற வையுங்கள். வெங்காயச் சருகைக் கொதிக்க வைத்து வடிகட்டிய நீரில் போட்டு, சிறு தீயில் ஒரு மணி நேரம் வைத்தால் தேன் நிறம் வரும். கிளறாதீர்கள், கிளறினால் மேலும் சுருங்கும். மஞ்சள் தூளும் நன்றாகப் பிடிக்கும், ஆனால் வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும். இதற்கென்று ஒரு பழைய பாத்திரத்தை ஒதுக்கிவிடுங்கள்.

நம் வட்டாரத்துக்கு ஒரு கண்டிப்பான எச்சரிக்கை: பட்டாசுக்கு நிறம் கொடுக்கிற எந்தப் பொடியையும் சாயமாக நினைத்துத் தொடாதீர்கள். பச்சை கொடுக்கிற பேரியம் உப்பு விஷம். அந்தப் பொடிகள் சமையலறைக்குள்ளேயே வரக் கூடாது.

யார் தலைக்கு?

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். சித்திரை வெயிலில் காட்டு வேலைக்குப் போகிறவருக்கு ஓலைத் தொப்பியும் ஈரத் துண்டும்தான் சரி. கம்பளிக் குல்லா, மார்கழிப் பனியில் விடியற்காலையில் எழுந்து நடக்கிற தாத்தாவுக்கு. இரவுப் பஸ்ஸில் போகிற பெரியம்மாவுக்கு. பட்டாளத்தில் சேர்ந்து பனிமலையில் நிற்கிற தம்பிக்கு. டில்லியிலோ வெளிநாட்டிலோ குளிர் தாங்காமல் படிக்கிற பிள்ளைக்கு. பார்சலைப் பிரித்ததும் அம்மாவும் சித்தியும் அத்தையும் சேர்ந்து உருட்டிய குல்லா என்று தெரிந்தால், அந்தப் பிள்ளைக்கு வேறு எந்தத் தொப்பியும் பிடிக்குமா?

புற்றுநோய் சிகிச்சையில் முடி கொட்டியவர்களுக்கும் மெல்லிய குல்லா பெரிய ஆறுதல். அவர்கள் தலைத்தோல் மிகவும் மென்மையாக இருக்கும். ஆகவே உள்ளே பருத்தித் துணி வைத்துத் தைத்துக் கொடுங்கள்.

இளம் தாய்மார்கள் கவனிக்க: பிறந்த குழந்தைக்கு உடம்பைப் பார்க்கத் தலை பெரிது. தலை வழியாக உடம்புச் சூடு போய்விடும். அதனால்தான் பிறந்தவுடன் துடைத்து, தலைக்குக் குல்லா போடச் சொல்கிறார்கள். எடை குறைந்த குழந்தைக்கு இது இன்னும் அவசியம். ஆனால் அதற்குப் பழகிய, மெல்லிய பருத்திக் குல்லாவே போதும். கம்பளி பச்சைத் தோலை உறுத்தும். சொறி, கரப்பான் உள்ள குழந்தைக்குக் கம்பளி ஆகாது. நம் ஊர் வெக்கையில் வீட்டுக்குள் தூங்கும் குழந்தையின் தலையை மூடி வைக்கவும் வேண்டாம். உடம்பு சூடேறிவிடும், குல்லா நழுவி மூக்கை அடைக்கவும் கூடும். எந்தக் குல்லாவிலும் கழுத்தில் கட்டுகிற நாடா வைக்காதீர்கள்.

மறக்கக் கூடாத சில

பட்டாசு ஆலைக்கோ, மருந்து இருக்கும் இடத்துக்கோ கம்பளித் தொப்பி அணிந்து போகவே கூடாது. கம்பளியும் நைலானும் உரசினால் மின்பொறி உண்டாகும். பருத்தி உடை மட்டும் அணிய வேண்டும் என்று அங்கே விதி வைத்திருப்பது அதற்காகத்தான்.

ஆலையிலிருந்து திரும்பியதும் குளித்து, உடை மாற்றிய பிறகே குழந்தையைத் தூக்குங்கள். வேலைத் துணியைத் தனியாகத் துவையுங்கள். கம்பளி வேலைக்கு உட்காரும் முன்பும் இதே ஒழுங்கு.

தொப்பிக்காரர்களைக் கெடுத்த பாதரசம் இன்றும் பல வீடுகளில் பழைய காய்ச்சல்மானிக்குள் இருக்கிறது. உடைந்தால் விளக்குமாற்றால் பெருக்காதீர்கள், சிதறி ஆவியாகும். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் வெளியே அனுப்பி, ஜன்னலைத் திறந்து, கெட்டி அட்டையால் உருண்டைகளை ஒன்றுசேர்த்து அள்ளி, மூடி போட்ட பாட்டிலில் அடையுங்கள். வளையல், மோதிரத்தைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள், தங்கத்தில் பாதரசம் ஒட்டிக்கொள்ளும்.

சோப்பு நீரில் வெகுநேரம் கை இருந்தால் தோல் வெடிக்கும். துணி துவைக்கும் காரமான பவுடர் வேண்டாம், குளியல் சோப்பே போதும். வேலை முடிந்ததும் கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.

தொப்பியைப் பெட்டியில் வைக்கும்போது பூச்சி அரிக்காமல் இருக்க, நன்றாகக் காய்ந்த வேப்பிலையை மெல்லிய துணியில் முடிந்து கூடவே போடுங்கள். மாதம் ஒருமுறை எடுத்துக் காற்றாட வைப்பது அதைவிட நல்லது. துவைத்தால் பச்சைத் தண்ணீரில் மட்டும், கசக்காமல்.

இந்த ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெளியே போக முடியாத ஒரு பகலில் முதல் தொப்பியைச் செய்து பாருங்களேன். முதல் தொப்பி ஒரு பக்கம் கோணலாகத்தான் வரும். அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதை மார்கழிக்குள் தாத்தாவுக்கோ, பட்டாளத்துத் தம்பிக்கோ கொடுத்துவிடலாம்!